அறுபதாயிரம் பேரின் பல்வலி

ராக்னருக்குப் பல்வலி வந்ததால் நாட்டில் வட்டி ஏறியது. இதை நான் சொன்னால் சிரிப்பீர்கள். பேராசிரியர் ஸ்டால்ஹம்மர் சொன்னபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டும் ஒரே விஷயம்தான். அவர் கோடு போட்டுப் படம் காட்டினார், நான் காட்டவில்லை.

அன்று மரம் அறுக்கும் மில்லின் வாசலில், காபியும் மளிகையும் விற்கும் எல்னாவின் கடையில் நானும் ராக்னரும் உட்கார்ந்திருந்தோம். அவனுக்குக் கீழ்த்தாடை வீங்கிப் போய், கன்னத்தைச் சுற்றிக் கம்பளித் துணி கட்டியிருந்தான். பல் வைத்தியர் எங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை தெற்கிலிருந்து வருவார். அந்த மாதம் ஸ்பெயினுக்கு வெயில் காயப் போய்விட்டார். ஏலக்காய் ரொட்டியைக் காபியில் நனைத்து, வலிக்காத பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தான் ராக்னர். அப்போது அவன் கைப்பேசி அடித்தது.

தெரியாத எண் என்றால் நான் எடுப்பதில்லை. எடுத்தவன் எவனும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ராக்னர் மில்லில் கிரேன் ஓட்டியவன். மணி அடித்தால் கை தானாகப் போய்விடும். காதும் பாதி செத்துவிட்டதால் பேசுகிறவர் குரல் கடை முழுக்கக் கேட்கும்படி வைத்திருப்பான்.

"வீட்டார் எதிர்பார்ப்பு ஆய்வுலேருந்து பேசறேன்" என்றாள் ஒரு பெண். "சின்னச் சின்னக் கேள்விதான். வர்ற பன்னிரண்டு மாசத்துல விலைவாசி எத்தனை சதவீதம் ஏறும்னு நினைக்கிறீங்க?"

"எதோட விலை?"

"பொதுவா."

"பொதுவா எவன் எதை வாங்கறான்? நான் காபி வாங்கறேன், மீன் வாங்கறேன், உதட்டுக்கடியில வைக்கப் புகையிலை வாங்கறேன்."

"பொதுவா ஒரு எண் மட்டும் சொல்லுங்க, போதும்."

அந்த நேரம் பார்த்து ரொட்டித் துணுக்கு தப்பான பக்கம் போய்விட்டது.

"முப்பது!" என்று அலறினான் ராக்னர்.

"முப்பதா? நிச்சயமா?"

"நிச்சயம் வேற வேணுமா உனக்கு? நாப்பதுன்னு போட்டுக்கோ!"

அவள் நன்றி சொல்லி வைத்தாள். எல்னா எட்டிப் பார்த்து, "யாருப்பா அது, இந்தக் கத்து கத்தறே?" என்றாள்.

"யாரோ ஒருத்தி. பாவம், நல்லவதான்" என்றான் ராக்னர்.

கொஞ்ச நாளில் வானொலியில் பெரிய வங்கியின் தலைவி ஹெட்விக் பேசினாள். நாட்டுக்கெல்லாம் வட்டி வைக்கிறவள். நிதானமான குரல், குழந்தைக்கு மருந்து கொடுக்கிறவளைப் போல.

"விலைவாசி பத்தி ஜனங்களோட எதிர்பார்ப்பு திடீர்னு எகிறிப் போச்சு. முக்கியமா வடக்குக் கடலோரத்துல. நங்கூரம் அறுந்த கப்பல் மாதிரி ஆயிடுச்சு. அதனால வட்டியை ஏத்தறோம். வலிக்கும். வலிச்சாத்தான் நாங்க விளையாடலைன்னு ஜனங்களுக்குப் புரியும்."

ராக்னர் வானொலியைப் பார்த்துக் கையை நீட்டினான். "எவன்டா அந்த வடக்குக் கடலோரத்து மடையன்? அவன் கையில கிடைச்சா…"

"நம்ம ஊரா இருக்காது" என்றேன் நான். "மேலே எல்லைப் பக்கம் இருப்பான்."

வட்டி ஏறியதும் தெற்கே வீடு கட்டுகிறவர்கள் கட்டுவதை நிறுத்தினார்கள். வீடு இல்லையென்றால் பலகை எதற்கு? எங்கள் மில் முற்றத்தில் அறுத்த பலகை அடுக்கடுக்காக நின்று, அதன் மேல் பனி விழுந்து, கடைசியில் குழந்தைகள் சறுக்கி விளையாட ஆரம்பித்துவிட்டன. மில் மேலாளர் பெங்க்ட் எல்லோரையும் கூட்டி, சாயங்கால ஷிஃப்டை நிறுத்த வேண்டி வரலாம் என்று முறைப்படி எச்சரிக்கை கொடுத்தார். கூடவே கேக்கும் கொடுத்தார். எங்கள் நாட்டில் கெட்ட செய்தி சொல்வதானால் கேக் வைத்துத்தான் சொல்வார்கள்.

அந்தச் சாயங்கால ஷிஃப்டில்தான் ராக்னரின் மகள் சோல்வெய்க் இருந்தாள். ஓரம் அறுக்கும் ரம்பத்தில் வேலை. கணவன் விட்டுப் போனபின் அந்த வேலையை வைத்துத்தான் வீட்டையும் இரண்டு பெண் குழந்தைகளையும் இழுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் வேறு மில் கிடையாது. வேறு எதுவுமே கிடையாது, எல்னாவின் கடையைத் தவிர. அங்கே எல்னாவுக்கே வேலை போதவில்லை.

கேக்கில் தன் பங்கை அப்பாவுக்குக் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடு. என் வேலையோட கருமாதி."

"அந்த வடக்குக்காரன் மட்டும்…" என்று பல்லைக் கடித்தான் ராக்னர். பல் அதற்குள் சரியாகிவிட்டது. அந்த மாதக் கடைசியில் ஷிஃப்டும் நின்றது.

இப்படி இருக்கும்போதுதான் பேராசிரியர் ஸ்டால்ஹம்மர் வந்து இறங்கினார். உருகும் பனிச்சேற்றில் மெல்லிய தோல் காலணி. கூடவே பெரிய வங்கியிலிருந்து ஒருவர், மூக்கில் வட்டக் கண்ணாடி, வாயில் பேச்சில்லை. பேராசிரியருக்கு நல்ல காலமும் கெட்ட காலமும் ஏன் மாறி மாறி வருகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு வணிகச் சுழற்சி என்று பேர் வைத்திருக்கிறார்கள். வட்டியை ஏற்றி இறக்கி அந்தச் சுழற்சியை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதும் அதில் சேர்த்தி. அவர் படித்த இருபத்தைந்து வருடத்தில் அது நிற்கவில்லை, ஆனால் அவர் மூன்று முறை பதவி உயர்ந்திருக்கிறார்.

எல்னாவின் கடைக்குள் நுழைந்ததும் ராக்னரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ராக்னர்! உங்களைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். என் ஆராய்ச்சியில நீங்க யாருன்னு தெரியுமா?"

"எதையாவது விக்கறதா இருந்தா வெளியே போ" என்றான் ராக்னர்.

"நீங்க அறுபதாயிரம் பேரு!"

ராக்னர் திரும்பிப் பின்னால் பார்த்தான். நான்தான் இருந்தேன்.

பேராசிரியர் விளக்கினார். நாடு முழுக்கத் தொலைபேசியில் கேட்கிறார்கள். எடுப்பவர்கள் கொஞ்சம் பேர். அதனால் ஒவ்வொருவரும் தன்னைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்வதாகக் கணக்கு. எழுபது தாண்டிய ஆண், பள்ளியைப் பாதியில் விட்டவன், வடக்குக் கடலோரம், தனியாக வாழ்கிறவன். இந்த வகையில் தொலைபேசியை எடுத்தவன் ராக்னர் ஒருவன்.

"மத்தவனுங்க ஏன் எடுக்கலை?" என்று கேட்டேன்.

"அது தனி ஆராய்ச்சி. அதுக்கு நிதி கேட்டிருக்கோம்."

"அந்த அறுபதாயிரம் பேர்ல பாதிப் பேரு என்கூடப் பேசறதே இல்ல. அவனுங்களுக்கும் சேர்த்து நான் பேசினேனா?" என்றான் ராக்னர்.

"அதுதான் அழகு! பழைய ஆளுங்க உங்களை மாதிரி பதில் வந்தா இது கிறுக்குப் பதில்னு கத்தரிச்சு எறிஞ்சுடுவாங்க. நான்தான் எழுதினேன், எளிய மனுஷனோட குரலை வெட்டாதீங்கன்னு. என் கட்டுரைக்கு அப்புறம் வெட்டறதில்லை. நீங்க நாப்பதுன்னு சொன்னீங்க. நாட்டோட சராசரியே ஒரு குதி குதிச்சுது. வங்கி வட்டியை ஏத்திச்சு. எல்லாம் நான் போட்ட கணக்குல இருக்கற மாதிரியே!"

எல்னா மேசை துடைப்பதை நிறுத்தினாள். ராக்னரின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. அந்த வடக்குக்காரன் யார் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனக்குப் பல்வலிடா!" என்று கத்தினான். "பல்வலியில எதையோ சொன்னேன்டா! அதுக்கா என் பொண்ணு வேலைய…"

பேராசிரியர் ஆடாமல் அசையாமல் நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

"பல்வலியா?" என்றார் தணிந்த குரலில். "விலை ஏறுதுன்னு நினைச்சுச் சொல்லலையா?"

"நினைக்கவே இல்ல!"

"வேலை, வியாபாரம், நாட்டு நிலைமை, எதுக்கும் சம்பந்தமே இல்லாத பல்லா?"

"பல்லுக்கு என்னய்யா நாட்டு நிலைமை?"

பேராசிரியர் தன் கூட வந்தவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி கழன்று விழுந்தது.

"இருபத்தஞ்சு வருஷமா இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்! வட்டி ஏறினதால கெட்ட காலம் வந்துதா, இல்லை வரப்போற காலத்தைப் பார்த்து வட்டி ஏறுச்சான்னு எங்களால பிரிச்சுச் சொல்லவே முடியலை. ஏன்னா வங்கி எப்பவும் ஏதோ ஒரு காரணத்தோடதான் ஏத்தும். ஒரே ஒரு தடவையாவது காரணமே இல்லாம ஏத்தணும். இதோ ஏத்திடுச்சு! கலப்படமே இல்லாத முட்டாள்தனம்! ராக்னர், நீங்க ஒரு பொக்கிஷம்!"

"சரி, அப்ப திருத்து. ரெண்டுன்னு போட்டு, வட்டியை இறக்கச் சொல்லு."

"திருத்தறதா?" பேராசிரியர் பின்வாங்கினார். "இப்பத்தானே முதல் பலனே வர ஆரம்பிச்சிருக்கு. உங்க பொண்ணோட ஷிஃப்டு அதுல ஒண்ணு. நடுவுல கை வச்சா எல்லாம் கெட்டுப் போயிடும். நடந்தது நடந்ததாவே இருக்கணும். விஞ்ஞானம்."

ராக்னர் காபிக் கோப்பையைத் தூக்கியதை நான்தான் பிடித்து இறக்கினேன். கோப்பை எல்னாவுடையது.

அப்போது வட்டக் கண்ணாடிக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அடுத்த ஆய்வுல மறுபடி கூப்பிடுவாங்க. அப்ப நீங்க ரெண்டுன்னு சொன்னா, சராசரி இறங்கும். சராசரி இறங்கினா வட்டியும் இறங்கும்."

"அவ்வளவுதானே? ரெண்டு! இப்பவே சொல்றேன், ரெண்டு!"

"சும்மா சொன்னா எடுத்துக்க மாட்டோம். நம்பிச் சொல்லணும்."

"நம்பறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாய் சொல்றதை நாங்க கணக்குல எடுத்துக்கறதில்லை. கை செய்யறதைப் பார்ப்போம். உங்க நிலவறையில காபி எவ்வளவு இருக்கு?"

ராக்னர் என்னைப் பார்த்தான். அவன் நிலவறையில் காபி மூட்டை, உப்பு மீன் வாளி, சர்க்கரை, சோப்பு எல்லாம் கூரைவரை இருக்கும். விலை ஏறப்போகிறது என்று அவன் அப்பா வாங்கி அடுக்கினார், இவனும் வாங்கி அடுக்கினான். ஏறாத வருடத்திலும் அடுக்கினான்.

அன்று சாயங்காலம் சோல்வெய்க் வந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தோம். நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பா, கொஞ்ச நாளைக்கு நம்பு."

"யாரை?"

"அந்த வங்கியை."

"பாதிரியாரையே நான் நம்பினதில்லையேடி."

"பாதிரியார் என் ஷிஃப்டை நிறுத்தலையே. நம்பித் தொலை. பேத்திங்களுக்காக."

"நம்பிக்கை என்ன, பம்புத் தண்ணியா? அடிச்சா வர?"

"அடிச்சுப் பாரு" என்றாள்.

அடித்துப் பார்த்தார்கள். ஊர் முழுக்கச் சேர்ந்து அடித்தது. ராக்னர் கடைக்குப் போனால் தொழிற்சங்கத்து ஆள் ஒருவன் கூடவே போவான். இரண்டாவது காபிப் பொட்டலத்தில் கை வைத்தால் கையைத் தட்டிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குப் பதிலாக சோல்வெய்க் பெரிய வங்கியின் அறிக்கையை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். வட்டக் கண்ணாடிக்காரர் எல்னாவின் கடை மூலையில் ஒரு கோப்பையோடு நாள் முழுக்க உட்கார்ந்து, கவனித்துக்கொண்டே இருந்தார். அவர் கவனிக்கிறார் என்பது ராக்னருக்குத் தெரியக் கூடாதாம். அதையும் அவரே அவனிடம் சொல்லி வைத்தார்.

ஒரு கட்டத்தில் வங்கி ரகசியமாக எல்னாவுக்குப் பணம் கொடுத்து, காபி விலையைப் பாதியாக்கச் சொன்னது. விலை குறைந்ததைப் பார்த்தால் ராக்னருக்கு நம்பிக்கை வரும் என்று கணக்கு. விலைப்பலகையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"டேய் ஸ்டூரே, இவ கடையை மூடப்போறாடா. கடைசிச் சரக்கைத் தள்ளி விடறா. அடுத்த மாசம் காபியே கிடைக்காது பாரு" என்று என்னிடம் சொல்லி, சங்கத்து ஆளை ஏமாற்றிவிட்டு, கைவண்டியில் நான்கு மூட்டை வாங்கிப் போனான். கண்ணாடிக்காரர் அதைக் குறித்துக்கொண்டார். தலைநகரத்தில் அது ஒரு கட்டுரையாக வந்ததாம்.

ஆனால் மனிதன் எதற்கும் பழகிவிடுவான், நம்புவதற்கும்கூட. மே மாதத்தில் ஒருநாள் நானும் அவனும் கடைக்குப் போனோம். உப்பு மீன் விலை ஏறியிருந்தது. நான் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். ராக்னர் சொல்லவில்லை.

"தற்காலிகம்தான்" என்றான். "உலகத்துல சரக்குப் போக்குவரத்து சரியாகணும். அதுவா இறங்கிடும்."

நான் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகலை. ஹெட்விக் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு."

அந்த வாரமே நிலவறையைக் காலி செய்தான். தெருவில் வீட்டுக்கு வீடு காபியும் சோப்பும் கொடுத்தான். எங்கள் வீட்டுச் சோப்பு இன்னும் தீரவில்லை. அவனுக்கு உள்ளுக்குள் ஏதோ இறங்கிவிட்டது. நன்றாகத் தூங்க ஆரம்பித்தான். வாழ்நாள் முழுக்க எவனையும் நம்பாதவன் எழுபத்தாறு வயதில் முதன்முதலாக நம்பினால், காதலித்தவன் மாதிரி ஆகிவிடுகிறான். ஆய்வுக்காரி கூப்பிட்டதும், "ரெண்டு. அதுக்கு மேல போகாது. போனா வங்கி விடாது" என்றான். கண்ணாடிக்காரர் காலியான நிலவறையில் குனிந்து நுழைந்து, விளக்கடித்துப் பார்த்து, உண்மையான நம்பிக்கைதான் என்று சான்று கொடுத்தார்.

இதைக் கொண்டாட ஹெட்விக்கே எங்கள் ஊருக்கு வந்தாள். தொழிலாளர் மண்டபத்தில் கூட்டம். வியாழக்கிழமை என்பதால் எங்கள் நாட்டு வழக்கப்படி பட்டாணி சூப்பும் பான்கேக்கும். ராக்னரை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தான்.

ஹெட்விக் எழுந்தாள். "நான் மனசு விட்டுப் பேசறேன். விலையை நாங்க ஏத்தறதும் இல்ல, இறக்கறதும் இல்ல. எங்ககிட்ட கடை இல்ல, காபித் தோட்டம் இல்ல. எங்ககிட்ட இருக்கற சரக்கு ஒண்ணே ஒண்ணுதான். நாங்க சொன்னா நடக்கும்னு ஜனங்க நினைக்கறது. அப்படி நினைச்சுட்டா நாங்க எதுவும் செய்ய வேண்டியதில்லை. நினைக்கலைன்னா, நாங்க கறாரானவங்கன்னு காட்டியாகணும். எப்படிக் காட்டறது? எங்க சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டா யாருக்குத் தெரியும்? வேற யாருக்காவது வலிச்சாத்தானே எல்லாருக்கும் தெரியும்? அந்தப் பொறுப்பை இந்த ஊர் ஏத்துக்கிட்டது. நாட்டோட சார்பா நன்றி."

வடக்கத்தியர்கள் கைதட்டுவது குறைவு. கரண்டிச் சத்தம்தான் கேட்டது. சோல்வெய்க் எழுந்தாள்.

"ஹெட்விக், ஒரு கேள்வி. எங்கப்பா நம்பிட்டாரு. எங்க ஷிஃப்டு எப்ப வரும்?"

"நல்ல கேள்வி. வட்டியை இறக்க ஆரம்பிச்சுட்டோம். அது வேலை செய்ய ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம் ஆகும்."

"ஏத்தினப்ப உடனே வேலை செஞ்சுதே?"

பேராசிரியர் துள்ளி எழுந்தார். "அதைப் பத்தித்தான் என் அடுத்த கட்டுரை!"

மில் மேலாளர் பெங்க்ட் சூப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சோல்வெய்க், அந்த ரம்பத்தை எஸ்டோனியாக்காரனுக்கு வித்தாச்சு. வட்டி கட்ட வேண்டியிருந்துது."

கரண்டிச் சத்தமும் நின்றது. ராக்னர் கஞ்சி போட்ட சட்டைக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தான். பேராசிரியருக்கு அந்த அமைதி கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

"ஒரு சந்தோஷமான செய்தி சொல்லட்டுமா? பொருளாதார மந்தம் எப்ப வந்துது, எப்ப போச்சுன்னு முடிவு பண்ற குழுவுல நானும் இருக்கேன். நேத்துதான் முடிவு பண்ணினோம். மந்தம் போன இலையுதிர்காலத்துல ஆரம்பிச்சு, இந்த வசந்தத்துல முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சா?" என்றாள் சோல்வெய்க்.

"முடிஞ்சு போச்சு."

"எனக்கு இனிமேதானே ஆரம்பிக்குது?"

"நீங்க தனி மனுஷி" என்றார் பேராசிரியர், அன்போடு. "மந்தம் நாட்டுக்குத்தான் வரும்."

ஹெட்விக் கையைத் தூக்கி அவரை உட்கார வைத்தாள். ஒரு பாடம் கற்றுக்கொண்டோம் என்றாள். ஒரே ஒருவரின் பதிலில் நாடே ஆடக் கூடாது. ஆகவே எதிர்பார்ப்பு ஆய்வைப் பல மடங்கு பெருக்கப் போகிறார்கள். அதற்கான தொலைபேசி நிலையம் இங்கேயே, மில்லின் சாயங்கால ஷிஃப்டு சாப்பாட்டு அறையில் வரும். வேலை போனவர்களுக்கு அதில் முன்னுரிமை. ஜனங்களின் எதிர்பார்ப்பு நிலைகொள்ளும்வரை நிலையம் இயங்கும். நிலைகொண்டுவிட்டால் செலவு எதற்கு, மூடிவிடலாம்.

அப்படித்தான் ரம்பத்தில் நின்ற சோல்வெய்க் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சம்பளம் பரவாயில்லை, கையில் சிராய்ப்பு இல்லை. நாட்டு மக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, விலை எவ்வளவு ஏறும் என்று கேட்கும் வேலை. என்ன கேட்க வேண்டும் என்பது எழுதியிருக்கும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது. பேசுவது முழுக்கப் பதிவாகும், தலைநகரத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். பதில் சொல்பவருக்குச் சாடையாகக்கூட எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. சொன்னால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எத்தனை ஆயிரம் பேரைக் கூப்பிட்டாலும் எங்கள் கரையில் எழுபது தாண்டியவர்களில் எடுக்கிறவன் இன்னும் ராக்னர் ஒருவன்தான். நானும் எடுப்பதில்லை.

நேற்று மத்தியானம் அவன் வீட்டில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தோம். மணி அடித்தது, கை போனது.

"வணக்கம். வீட்டார் எதிர்பார்ப்பு ஆய்வுலேருந்து பேசறேன்."

"சோல்வெய்க்! சாப்பிட்டியாடி?"

"இந்த உரையாடல் பதிவாகுது. உங்க வயசு சொல்லுங்க."

"என் வயசு உனக்குத் தெரியாதா?"

"உங்க வயசு சொல்லுங்க."

சொன்னான். தனியாக வாழ்கிறீர்களா என்று கேட்டாள், தனியாகத்தான் என்றான். போன வருடத்தில் உங்கள் குடும்பத்தில் யாருக்காவது வேலை போனதா என்று கேட்டாள். ராக்னர் கொஞ்ச நேரம் சீட்டைப் பார்த்தான்.

"போச்சு. என் பொண்ணுக்கு."

"நன்றி. வர்ற பன்னிரண்டு மாசத்துல விலைவாசி எத்தனை சதவீதம் ஏறும்னு நினைக்கிறீங்க?"

ராக்னர் வாயைத் திறந்தான். ரெண்டு என்று வருவதைப் பார்த்தேன். அந்தக் கிறுக்கன் இன்னும் நம்பிக்கொண்டுதான் இருந்தான். பிறகு வாயை மூடினான். மெதுவாகக் கேட்டான்.

"ஏம்மா, எல்லாம் அடங்கிப் போச்சுன்னு நான் சொன்னா, உங்க நிலையத்தை மூடிடுவாங்களா?"

மறுமுனையில் பேச்சில்லை. பேசக் கூடாதல்லவா. பிறகு ஒரு சத்தம் கேட்டது, கூரிய சின்ன மூச்சு ஒன்று உதட்டுக்கிடையில் உள்ளே போகிற சத்தம். எங்கள் வடக்கில் ஆமாம் என்பதை வாயால் சொல்ல மாட்டோம், மூச்சை இப்படி உள்ளே இழுப்போம். தலைநகரத்தில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு அவள் மூச்சு விட்டதாகத்தான் தோன்றும்.

ராக்னர் தலையை ஆட்டினான். "எழுதிக்கோ" என்றான். "அறுபது. குறைஞ்சபட்சம் அறுபது. காபி கிடைக்காது, சோப்பு கிடைக்காது, நாடு நாசமாப் போகுது. வங்கியை நான் ஒரு சல்லிக்குக்கூட நம்பலை."

"நிச்சயமா சொல்றீங்களா?" என்றாள் சோல்வெய்க்.

"ரொம்ப நிச்சயம்."

"உங்க நேரத்துக்கு நன்றி" என்று வைத்தாள்.

ராக்னர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தான். கோட்டைப் போட்டான், குல்லாயை எடுத்தான்.

"எங்கடா கிளம்பிட்டே? ஆட்டம் பாதியில இருக்கு" என்றேன்.

"வாய் சொல்றதை எடுத்துக்க மாட்டானுங்களே. கைவண்டியை எடு. கண்ணாடிக்காரன் எல்னா கடையிலதான் இருப்பான், அவன் கண்ணு முன்னால பத்து மூட்டையாவது வாங்கணும்."

"பத்து மூட்டையா? நாள்பட்டா வாசனை போயிடுமேடா. விலையும் அடுத்த மாசம் இறங்கும்னு நீயேதானே சொன்னே?"

"இறங்கத்தான் போகுது" என்றான் ராக்னர், வருத்தமாக. "தள்ளு. கொஞ்சம் பயந்த மாதிரி முகத்தை வச்சுக்கோ."